ரோம் விழுந்த தேதி

ஜூலை 2, திங்கள்

இன்னைக்குக் கடையில ஒரு கூத்து. பதினோரு மணி இருக்கும். கண் தெரியாத சார் ஒருத்தர் வெள்ளைக் கம்பைத் தட்டிக்கிட்டே படியேறி வந்து, இரவல் வாங்கின ஒரு கட்டுத் தாளை நீட்டினாரு. "இதுல ரோம வீழ்ச்சிக்கான காரணங்கள்னு ஒரு பாடம் வரும். அதுல இருந்து கடைசி வரைக்கும் ஒரு காப்பி போடுங்க" அப்படின்னாரு. அவருக்கு ஏறு நெத்தி வேற. எனக்கு வேற என்ன தோணும்? "காரணம் எதுவா இருந்தா என்ன சார், கறிவேப்பிலையைத் தேங்கா எண்ணெயில காய்ச்சித் தேய்ங்க. நானும் அதான் தேய்க்கேன், சீப்புல வாரது கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கு"ன்னுட்டேன்.

மனுஷன் மேசையைப் பிடிச்சுக்கிட்டு அப்படிச் சிரிக்காரு. "அம்மா, இது மயிரு இல்ல. இத்தாலியில இருந்துச்சே, அந்த ரோமாபுரி." எனக்கு வெக்கத்துல காது சுட்டுப் போச்சு.

தாள் வரிசையா இருக்கான்னு பாக்க ரெண்டு வரி வாய்விட்டு வாசிச்சேன். "நிறுத்தாதீங்க, இன்னும் கொஞ்சம்"னாரு. ஒரு பக்கம் முழுக்க வாசிச்சேன், ஜெராக்ஸுக்கு வந்த கூட்டம் காத்துக்கிட்டு நின்னுச்சு. அப்புறந்தான் விவரம் சொன்னாரு. பேரு இசக்கிமுத்து. எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்காரு. தபால்ல எம்.ஏ. எழுதுதாரு. உலக நாகரிகங்கள்ங்கிற இந்த ஒரு தாள்தான் ரெண்டு தடவை போயிருச்சாம். டிசம்பர்தான் கடைசி வாய்ப்பு. அதுலயும் போச்சுன்னா பதிவு காலாவதி, பாஸான தாள் எல்லாம் சேர்ந்து போயிரும். எம்.ஏ. இல்லாம ப்ளஸ் டூவுக்குப் பாடம் எடுக்க முடியாது. தாளு மங்கிக் கிடக்கதால, வாசிச்சுக் காட்டுத செல்போனுக்கும் எழுத்து பிடிபட மாட்டேங்கு. "ஸ்கூல் விட்டு வந்துருவேன், மத்தியானம் மூணுல இருந்து ஒரு மணி நேரம் வந்து வாசிச்சுக் காட்ட முடியுமா?"ன்னு கேட்டாரு. யோசிச்சுச் சொல்லுதேன்னேன்.

ஒண்ணு மட்டும் எழுதி வைக்கணும். எழுத்து மங்கலா இருந்துச்சேன்னு மிஷின்ல கறுப்பைக் கூட்டி வச்சேன். எழுத்து ஆளு வாசிக்க அளவுக்கு வந்துச்சு, படம் அத்தனையும் கறுப்புச் சதுரமாப் போச்சு. அவருக்குத் தெரியவா போகுதுன்னு அப்படியே நூல் கோத்துக் குடுத்துட்டேன்.

ஜூலை 6, வெள்ளி

அவுக, எங்க வீட்டுக்காரரு, ஷார்ஜால இருந்து போன் பண்ணுனாக. வெள்ளிக்கிழமைன்னா அங்க லீவு, நாலு மணிக்குக் கரெக்டா அடிக்கும். வாசிக்கப் போகட்டான்னு கேட்டேன். "போயேன், வீட்டுல சும்மாதான இருக்க"ன்னாக. நான் காலையில எட்டுல இருந்து ரெண்டு வரைக்கும் ஜெராக்ஸ் மிஷின் முன்னால நிக்கது அவுக கணக்குல சும்மா.

தீபாவளிக்கு வாராகளாம். அஞ்சு வருஷம் ஆச்சு. பின்சுவர் விரிசல்ல அரசமரக் கன்னு முளைச்சிருக்குன்னு சொன்னேன். "நீ கை வைக்காத, சுவரோட பேந்து வந்துரும். நான் வந்து பாத்துக்கிடுதேன்"னாக.

ஜூலை 9, திங்கள்

முதல் நாள். முருகன்குறிச்சியில ஓட்டு வீடு. சாரோட அக்கா செண்பகக்கா கூட இருக்காக. சாருக்குக் கல்யாணம் ஆகல. செண்பகக்கா முறத்தை மடியில வச்சுக்கிட்டு, "ஏட்டி, நீதான் எந்தம்பிக்கு மண்டையில எண்ணெ தேய்க்கச் சொன்னவளா?"ன்னு கேட்டாக. அடப்பாவி சார், வந்து சொல்லியாச்சு.

வாசிச்சேன். எல்லை ரொம்பப் பெருசாப் போச்சு, ஒரு ஊர்ல உக்காந்துக்கிட்டு அவ்வளவு தூரத்தை ஆள முடியல, அதுதான் முதல் காரணமாம். நடுவுல "படம் காண்க"ன்னு போட்டிருந்துச்சு. அதைத் தாண்டிப் போகலாம்னு பாத்தேன். சார் விடல. "படத்துல என்ன இருக்கு?"

கறுப்புச் சதுரம் சார்னு சொல்லியிருக்கலாம். நான் கெடுத்து வச்சதுன்னு எப்படிச் சொல்ல? "ஒரு குளியல் மண்டபம் சார். பெரிய பெரிய தூணு. தண்ணியில இருந்து ஆவி கிளம்புது. நாலஞ்சு பேரு துண்டைக் கட்டிக்கிட்டுக் கதை பேசிக்கிட்டு நிக்காக"ன்னுட்டேன். குறுக்குத்துறை ஆத்துப் படித்துறைதான் மனசுல இருந்துச்சு. சார் கண்ணை மூடிக் கேட்டாரு. கண் தெரியாதவரு கண்ணை மூடுறதை இன்னைக்குத்தான் பாத்தேன்.

ஜூலை 18, புதன்

பொய்யி ஒண்ணு சொன்னா நிக்க மாட்டேங்கு. இன்னைக்குப் பக்கம் 87. சதுரத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன், அதுக்குள்ள ஒரு வீடு தெரிஞ்சுச்சு. "ஒரு வீடு சார். பின்சுவர்ல விரிசல் விட்டு ஒரு மரக்கன்னு முளைச்சிருக்கு. ஜன்னல் பக்கத்துல ஒரு பொம்பள உக்காந்திருக்கா."

"அவ வீட்டுக்காரரு?"

"எல்லையில காவல் சார். ரைன் நதிக்கரையில."

"கடுதாசி போடுவாரா?"

"வெள்ளிக்கிழமை தவறாது."

சார் சிரிச்சாரு. "ரோமாபுரியில வெள்ளிக்கிழமை தபால் உண்டோ! இதெல்லாம் படத்துலயே தெரியுதா?" அடியில எழுதியிருக்கு சார்னேன். நாக்கு கூசாமச் சொன்னேன்.

ஜூலை 19, வியாழன்

மத்தியானம் கண் அசந்துட்டேன். கனவுல பாளையங்கோட்டைத் தெரு எல்லாம் பளிங்கு பாவியிருக்கு. வளைவு வளைவாக் கட்டின பாலத்து மேல தாமிரபரணித் தண்ணி தலைக்கு மேல ஓடுது. நான் பச்சைக் குடத்தை வச்சுக்கிட்டு வரிசையில நிக்கேன். எனக்கு முன்னால நிக்க எல்லாரும் வெள்ளைத் துணியைத் தோள்ல சுத்தியிருக்காங்க, ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. ராசா மாறிட்டாராம்னு யாரோ சொன்னா. இன்னைக்கு எத்தனையாவது ராசான்னு இன்னொருத்தி கேட்டா. முழிச்சப்ப மூணே கால். ஓட்டமா ஓடிப் போனேன்.

ஆகஸ்ட் 3, வெள்ளி

போன் நாலுக்கு வரல, ஆறரைக்கு வந்துச்சு. குரல் ஏதோ கிணத்துக்குள்ள இருந்து கேட்டுச்சு. சிக்னல்.

ஆகஸ்ட் 8, புதன்

இன்னைக்கு மிளகு. எதிரிப்படை ரோமைச் சுத்தி வளைச்சுக்கிட்டு, விட்டுட்டுப் போகணும்னா இன்னின்னது குடுன்னு கேட்டிருக்கான். தங்கம், வெள்ளி, பட்டு, கூட மூவாயிரம் ராத்தல் மிளகு. இதை வாசிச்சதும் அடுப்படியில ரசத்துக்கு மிளகு தட்டிக்கிட்டிருந்த செண்பகக்கா வெளியில வந்துட்டாக.

"மிளகா? அங்க ஏதுட்டி மிளகு?"

"நம்ம பக்கம் இருந்து கப்பல்ல போனதுக்கா"ன்னாரு சார்.

"அப்போ நம்ம மிளகைக் குடுத்துத்தான் அவன் உயிரு பொழைச்சானா! ஒரு நன்றி சொன்னானா பாரு."

சார் சிரிச்சு முடிச்சுட்டு, "மறுபடி வந்தாங்கக்கா. ரெண்டே வருஷத்துல உள்ள புகுந்து கொள்ளையடிச்சாங்க"ன்னாரு. அக்கா வெடுக்குன்னு உள்ள போயிட்டாக. இன்னைக்கு ரசம் நல்லா காரம்.

ஆகஸ்ட் 17, வெள்ளி

போன் வந்துச்சு, ரெண்டு நிமிஷம். பின்னால டிவியில ஒரு பிள்ளை "அப்பா, அப்பா"ன்னு கூப்பிடுது. தமிழ்ச் சேனல் அங்கேயும் நல்லா வருது போல. கறிவேப்பிலை வாங்கணும். எண்ணெய் தீந்துருச்சு.

ஆகஸ்ட் 27, திங்கள்

பிச்சிப்பூ வச்சுக்கிட்டுப் போனேன். சும்மாதான், வாசல்ல வித்துக்கிட்டுப் போனா. உள்ள கால் வைக்கதுக்குள்ள சார், "பிச்சி"ன்னாரு. ஒத்தைச் சொல்லு. செண்பகக்கா என்னைப் பாத்தாக, முறத்தைப் பாத்தாக.

பக்கம் 87 பொம்பளை என்ன செய்யுதான்னு சார் கேட்டாரு. பாடம் எங்கேயோ போயிருச்சு, அவரு மட்டும் அவளை விட மாட்டேங்காரு. "பக்கம் 102-லயும் அவ இருக்கா சார். மரம் கொஞ்சம் பெருசாயிருக்கு"ன்னேன்.

"ஏன் வெட்டாம வச்சிருக்கா?"

"வீட்டுக்காரரு வந்து வெட்டுதேன்னு சொல்லியிருக்காரு."

செப்டம்பர் 4, செவ்வாய்

நேத்தே சொல்லிட்டாரு, "நாளைக்கு மட்டும் லீவு போட்டுராதீங்க உலகம்மா, ரோம் விழுந்த நாளு"ன்னு. அதுக்குன்னே அந்தப் பக்கத்தை எடுத்து வச்சிருந்திருக்காரு. 476-ஆம் வருஷம், செப்டம்பர் 4. கடைசி ராசா பேரு ரோமுலஸ் அகஸ்துலஸ். எனக்கு வாயில நுழையல. ரோமுலஸ் அகத்திலஸ்னேன், அகத்தியர் ரோமுக்கு எப்போ போனாருன்னு கேட்டு ஓட்டினாரு. பத்துத் தடவை சொல்ல வச்சாரு.

"எத்தனை காரணம் எழுதினாலும் இந்தத் தாள்ல தேதியும் பேரும் போடணும். போன ரெண்டு தடவையும் அதுலதான் கோட்டை விட்டேன். தேதியும் பேரும் போட்டாத்தான் முழு மார்க்கு."

நான் கேட்டேன், "அந்த அஞ்சாந்தேதி காலையில ஊர்ல என்ன சார் நடந்திருக்கும்? ஒரே அழுகையா இருந்திருக்குமோ?"

"ஒண்ணும் நடந்திருக்காது. ரொட்டிக் கடை தொறந்திருப்பான். சனங்க குளிக்கப் போயிருப்பாங்க. சபை கூடியிருக்கும். விழுந்துருச்சுன்னு அன்னைக்கு ஒருத்தருக்கும் தெரியாது உலகம்மா. பின்னால வந்தவங்க திரும்பிப் பாத்துத்தான் தேதி போட்டாங்க."

வீட்டுக்கு வர வழியெல்லாம் அதேதான். பேக்கரியில ரொட்டி அடுக்கிக்கிட்டிருந்தான். நின்னு பாத்துட்டு வந்தேன்.

செப்டம்பர் 7, வெள்ளி

போன் வரல.

செப்டம்பர் 14, வெள்ளி

போன் வரல. நான் அடிச்சேன், எடுக்கல. அங்க வேலை நெருக்கடி. லீவு போடணும்லா, அதுக்கு முன்னாலயே முடிச்சுக் குடுக்கச் சொல்லியிருப்பாங்க.

அக்டோபர் 10, புதன்

எல்லைக் காவலுக்கு ரோமில பிறந்த ஆளுங்க போக மாட்டேன்னுட்டாங்களாம். அப்புறம் வெளியாளுங்களைப் பிடிச்சு நிறுத்தினாங்க. முன்னாலயே போன நம்ம ரோமாபுரி ஆளுங்களும் அங்கேயே வீடு கட்டி, அங்கேயே குடும்பம் வச்சு, அந்த ஊர் பாஷை பேச ஆரம்பிச்சுட்டாங்களாம். இந்த இடத்துல நிறுத்திட்டேன். தண்ணி குடிச்சுட்டு வாசிச்சேன். "போதும் இன்னைக்கு"ன்னாரு சார். மணி நாலு கூட ஆகல.

நவம்பர் 6, செவ்வாய். தீபாவளி

வரல. டிக்கெட் கிடைச்சிருக்காது.

முறுக்கு சுட்டேன், தனியா எவ்வளவு திங்க? செண்பகக்காவுக்குக் கொண்டு போனேன். புதுச்சேலையைத் தொட்டுப் பாத்துட்டு, "அவன் எடுத்து அனுப்புனானா?"ன்னு கேட்டாக. ஆமான்னேன். நானே எடுத்தது. எங்களுக்குப் பிள்ளை இல்ல, இருந்திருந்தா அதுக்குன்னு பட்டாசாவது வாங்கியிருப்பேன்.

நவம்பர் 21, புதன்

சார் முழுசும் ஒப்பிச்சாரு. பதினோரு காரணம், வரிசை தப்பல. தேதி, பேரு சுத்தம். நான் திருத்த ஒண்ணுமே இல்ல. சந்தோஷமா இருந்துச்சு, பயமாவும் இருந்துச்சு. ஏன்னா கடைசியில, "அந்தப் படத்தையும் ஒரு சான்றாச் சேத்தா எடுப்பா இருக்கும்லா?"ன்னாரு. நான் பையை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். என்ன பொம்பளை நான்!

டிசம்பர் 15, சனி

பரீட்சை. சாருக்கு எழுதிக் குடுக்க வேற ஆளை அவங்களே போட்டிருந்தாங்க. நானும் அக்காவும் வெளியில வேப்பமரத்தடியில உக்காந்திருந்தோம். ஒரு மணிக்கு வெளிய வந்தாரு, முகமெல்லாம் சிரிப்பு. "வந்துருச்சு உலகம்மா! இருபது மார்க்கு. ரோமானியப் பேரரசின் வீழ்ச்சிக்கான காரணங்களை விவரி."

"படத்தை எழுதுனீங்களா?"

"எழுதாம இருப்பேனா?"

இல்லாத படம். திருத்துறவன் சிரிச்சுட்டு ஒரு கோடு கிழிப்பான், இருபதும் போகும். கடைசி வாய்ப்பு. அத்தனை வருஷப் படிப்பு, நான் மிஷின்ல ஒரு பட்டனை அமுக்கினதுக்கு.

டிசம்பர் 18, செவ்வாய்

மூணு நாளா சோறு இறங்கல. கடையில எதைப் போட்டாலும் கறுப்பா வார மாதிரியே இருக்கு.

டிசம்பர் 19, புதன்

போய்ச் சொல்லிட்டேன். உக்காரக்கூட இல்ல. "சார், படம் எல்லாம் பொய்யி. நாந்தான் கறுப்பைக் கூட்டி வச்சுக் கெடுத்தேன். எல்லாமே வெறும் கறுப்புச் சதுரம். மண்டபமும் இல்ல, மரமும் இல்ல, பொம்பளையும் இல்ல. உங்க படிப்பைக் கெடுத்த பாவி நான்"னு அழுதுட்டேன்.

சார் அந்தக் கட்டை எடுத்தாரு. பக்கம் 87-ஐ விரலாலேயே தேடித் திருப்பினாரு. சதுரத்து மேல என் கையைப் பிடிச்சு வச்சாரு. வழவழன்னு இருந்துச்சு. "மை அப்பியிருந்தா விரலுக்குத் தெரியாதா உலகம்மா? மொத நாளே தெரியும்."

"பின்ன ஏன் கேட்டுக்கிட்டே இருந்தீங்க?"

"நீங்க சொல்ல வேற இடம் இல்லையேன்னுதான்."

செண்பகக்கா அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாக. முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டே, "வெங்காயம்"னாக. கையில ஒண்ணுமே இல்ல.

"பரீட்சையில படம்னு எழுதல. பயப்படாதீங்க. பதினோரு காரணமும் எழுதிட்டுக் கடைசியில ஒரு வரி சேத்தேன்"னாரு சார். கேட்டு வாங்கி இங்க எழுதிக்கிட்டேன்:

'ரோம் விழுந்ததை முதலில் அறிந்தவர்கள் எல்லைக் காவலர்களின் மனைவிமார்களாக இருக்கலாம். அவர்களை யாரும் கேட்கவில்லை.'

"இது எந்தப் புத்தகத்துலயும் இல்ல. மார்க்கு போட்டா போடட்டும், போடாட்டா போகட்டும்"னாரு.

வீட்டுக்கு எப்படி வந்து சேந்தேன்னு தெரியல.

ஜனவரி 16, புதன்

பொங்கல் கழிஞ்சது. போன் வரல. இதுக்கு மேல சிக்னல்னு எழுதக் கை வரல.

பிப்ரவரி 22, வெள்ளி

ரிசல்ட். கடைக் கம்ப்யூட்டர்லயே பாத்தேன். நம்பரை நாலு தடவை தப்பா அடிச்சேன். ஐம்பத்தெட்டு. பாஸு. கடையை அப்படியே போட்டுட்டு ஓடினேன், ஸ்கூல் வாசல்ல நின்னு கூப்பிட்டுச் சொன்னேன். சார் கம்பைக் கீழ போட்டுட்டாரு. "ஐம்பத்தெட்டா? நல்லாப் பாத்தீங்களா? கறுப்பா இல்லையே?"ன்னு கேட்டாரு. ரெண்டு பேரும் ரோட்டுல நின்னு சிரிச்சோம், போறவன் வாறவன் எல்லாம் பாத்தான். பாக்கட்டும்.

பிப்ரவரி 23, சனி

காலையில பின்பக்கம் போனேன். அரசங்கன்னு என் இடுப்பு உசரம். அருவாளை வச்சுக் கீழயே வெட்டி, விரிசலை நோண்டி வேரைப் பிடிச்சு இழுத்தேன். கையகலம் காரை பேந்து விழுந்துச்சு, அவ்வளவுதான். சுவர் நிக்குது. மத்தியானம் கொத்தனாரு வந்து சிமெண்டு பூசிட்டுப் போனாரு. அரை மணி நேர வேலை. இதுக்கா அத்தனை மாசம்!

சாயந்தரம் இந்த நோட்டை முதல்ல இருந்து வாசிச்சேன். சார் சொன்னாப்ல, திரும்பிப் பாத்துத்தான் தேதி போட முடியும். தீபாவளியா இருக்கும்னு நினைச்சேன். இல்ல. போன் வராத செப்டம்பரா இருக்கும்னு பாத்தேன். அதுவும் இல்ல. பக்கத்தைப் பின்னால பின்னால திருப்பினேன். போன்ல பிள்ளை கூப்பிட்டதுக்கு அடுத்தாப்லயே கறிவேப்பிலை வாங்கணும்னு எழுதி வச்சிருக்கேன், அந்தப் பக்கத்துல நின்னுட்டேன்.

அம்மா சொல்லிக் குடுத்ததுல இருந்து கட்டினவன் பேரை வாயால சொன்னதில்ல, கையால எழுதினதும் இல்ல. ரேஷன் கடையில கேட்டாக்கூட அட்டையைத்தான் காட்டுவேன். ஆனா தேதியும் பேரும் போட்டாத்தான் முழு மார்க்கு.

ஆகஸ்ட் 17, வெள்ளிக்கிழமை. ஆறுமுகநயினார்.

அது டிவி இல்ல.